கிரீஸா, எண்ணெயா?

1

போன வாரம் என் வீட்டுக்காரர் ஒரு கையில் கிரீஸ் டப்பாவும் மறு கையில் எண்ணெய்ப் புட்டியுமாக அடுக்களை வாசலில் வந்து நின்றார். "எதைப் போட?" என்று கேட்டார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சட்டைத் துணி எடுப்பதற்குக்கூட என்னிடம் யோசனை கேட்காத மனுஷர். துப்பாக்கிக்கு எதைப் போடுவது என்று கேட்கிறார், அதுவும் இப்போது. "என்னைய ஏன் கேக்கீய? ஊர்ல ஒருத்தி இருக்காளே, போன் போட்டு அவகிட்டக் கேளுங்க" என்றேன். அவர் இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

தில்லி கிட்வாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவள் என்றதும் ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். அது பந்தயத்துக்குச் சுடுகிற சின்ன ரைபிள். காகிதத்தில் வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் நடுவில் சுட வேண்டும், அவ்வளவுதான். லைசென்ஸ் அவர் பெயரில். சுட்டவள் எங்கள் ஒரே மகள் சண்முகவடிவு. தில்லியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ஷானு' என்று பெயர். சண்முகவடிவு என்று வாத்தியாரம்மாக்கள் வாயில் நுழையாதாம். முருகன் பெயரை வைத்துவிட்டு ஷானு, ஷானு என்று தெருவில் கூப்பிடுவதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவள் தூத்துக்குடியில் என் நாத்தனார் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ரைபிள் இங்கே சும்மா கிடக்கிறது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், துப்பாக்கியைத் துடைத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் இந்த 'எதைப் போட' எல்லாம்.

2

கடைசியில் எதையும் போடாமல், வெறும் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனோம். துப்பாக்கிப் பெட்டியோடு தில்லியில் ஆட்டோ பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? முதல் ஆட்டோக்காரன் பெட்டியின் நீளத்தைப் பார்த்து "அந்தர் க்யா ஹை?" என்றான், உள்ளே என்ன என்று. என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். உள்ளே இருப்பதைச் சொன்னார். அவன் ஆட்டோவோடு மறைந்தே போனான். அடுத்தவனிடம் நான் முந்திக்கொண்டு வீணை என்று சொல்லிவிட்டேன். மதராஸிகள் என்றால் வீணைதான் என்று அவனும் நம்பினான்.

அலுவலகத்தில் வழக்கமான கூத்து. இந்த ஜன்னல், அந்த ஜன்னல், சாப்பாட்டு நேரம், சாஹிப் மீட்டிங்கில் இருக்கிறார். லைசென்ஸ் முதலில் ஊர் விலாசத்தில் வாங்கியது என்பதால் அங்கேயிருந்து பதில் வர வேண்டும் என்றார்கள். போன தடவையும் இதைத்தான் சொன்னார்கள், அந்தப் பதில் வந்து கோப்பிலேயே இருக்கிறது என்று காட்டினோம். அது பழைய பதில், புதுசு வேண்டும் என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. "தும் பெஹ்லே க்யோன் நஹி போலா?" என்று இந்தியில் பொரிந்துவிட்டேன், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று. மரியாதைக்கு 'ஆப்' போட வேண்டிய இடத்தில் 'தும்' போட்டுவிட்டேன். இருபது வருஷமாக எனக்குக் கோபம் வந்தால் அந்த 'ஆப்' மட்டும் வாயில் வராது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் முகம் சிறுத்துவிட்டது. கோப்பை அடியில் தள்ளிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்.

திரும்ப எங்கள் முறை வந்தபோது அவர் கேட்டார், இதை யார் சுடுகிறார்கள் என்று. "பேட்டி" என்றார் என் வீட்டுக்காரர், மகள் என்று. மகள் எங்கே? தமிழ்நாட்டில். எவ்வளவு நாளாகச் சுடவில்லை? ரெண்டு வருஷமாக. அப்படியானால் எதற்கு வைத்திருக்கிறீர்கள், விற்றுவிட்டுப் போங்களேன் என்றார் அந்த மனிதர். அவர் கேட்டதில் தப்பே இல்லை, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "வோ ஆயேகி" என்றார். அவள் வருவாளாம். அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

3

அவர் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவத்துக்குச் சாமான் வாங்கி அனுப்புகிற ஓர் அலுவலகத்தில், ஆயுதங்களைத் துடைக்கிற துணி, தூரிகை, எண்ணெய், கிரீஸ் இவற்றைக் கவனிக்கிற பிரிவு. அவர் படையில் இருந்தவர் இல்லை. துப்பாக்கியைக் கையில் தொட்டதே மகளுக்காகத்தான். ஆனால் கிரீஸும் எண்ணெயும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குளிர்காலம் வந்தால் பனிமலையில் இருந்து கடிதம் வரும், கிரீஸ் கட்டிதட்டித் துப்பாக்கி வேலை செய்யவில்லை, மெல்லிய எண்ணெய் அனுப்பு என்று. மழைக்காலம் வந்தால் தீவுகளில் இருந்து கடிதம் வரும், எண்ணெய் நிற்கவில்லை, துருப்பிடிக்கிறது, கிரீஸ் அனுப்பு என்று. இவர் இரண்டுக்கும் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் கேள்வி கேட்டுக் கீழே அனுப்புவார். வெயில் வந்த பிறகு குளிருக்கு எண்ணெய் போகும். இந்த லட்சணத்தில் பாதி வாழ்க்கை போய்விட்டது.

இத்தனை எழுதியும், தம் சொந்த விஷயம் என்று வந்தால் அவர் தூத்துக்குடிக்காரர்தான். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். அங்கே ராத்திரி வெளியே விட்ட சைக்கிள் காலையில் செம்பழுப்பாக இருக்கும். ஜன்னல் கம்பி, பூட்டு, கிணற்று உருளை எதுவானாலும் அப்பிவிடுவது கிரீஸ். இரும்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குக் கை பரபரக்கும். என் அரிவாள்மணைக்குக் கிரீஸ் போட வந்தவர் அவர், நான் சத்தம் போட்டு விரட்டினேன்.

தில்லியில் ஜனவரி மாதம் மூடுபனி இறங்கும். பகல் பதினோரு மணிக்கு எதிர் பிளாக் தெரியாது. துவைத்த துணி மூன்று நாள் கொடியிலேயே கிடக்கும். இதைப் பார்த்ததும் இவருக்கு உடனே ஊர்க் காற்று ஞாபகம் வந்துவிடும். ஈரம், ஈரம் என்று ஆரம்பித்துவிடுவார். ஈரமென்றால் கிரீஸ். மகளின் ரைபிளை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளேயும் வெளியேயும் வழித்து வழித்துப் பூசுவார்.

4

"அப்பா, கிரீஸ் பில்குல், கொஞ்சம்கூட வேண்டாம்னு கோச் சொல்லியிருக்காரு" என்பாள் சண்முகவடிவு. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் படையில் இருந்து ஓய்வுபெற்ற ஹரியானாக்காரர். மீசையும் கம்பீரமும் உள்ளவர், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அவர் சொன்னதை அவள் எனக்கு விளக்கியிருக்கிறாள். தோட்டாவுக்குப் பின்னால் நின்று அடைக்கிற உருளைக்கு போல்ட் என்று பெயர். அதற்குள் ஓர் ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கும். விசையை இழுத்தால் ஊசி பாய்ந்து தோட்டாவின் விளிம்பில் அடிக்க வேண்டும். வெளியே இரும்போடு இரும்பு தேய்கிற இடத்தில் வேண்டுமானால் கிரீஸை விரல் நுனியில் தொட்டு வைக்கலாம். உள்ளே ஊசி ஓடுகிற இடத்தில் கூடவே கூடாது. குளிரில் அது இறுகி ஊசியின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் தில்லிப் புழுதி முழுவதும் அதில் வந்து ஒட்டும். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அதையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். எனக்கே புரிந்தது.

"பனிமலையிலதான்ட்டி உறையும். தில்லி என்ன பனிமலையா?" என்பார் அவர்.

"அப்ப கடலா?"

"எண்ணெய் போட்டா ஒரே வாரத்துல துரு ஏறிரும். அப்பா ஆபீஸ்ல இதைத்தானே பாக்குதேன்?"

"ஆபீஸ்ல காகஸ், வெறும் பேப்பர்தானே பாக்குறீங்க! நீங்க ஒரு ரவுண்டாவது சுட்டிருக்கீங்களா?"

இப்படித் தினமும். பாதி தமிழ், பாதி இந்தி, முழுக் கத்தல். நான் நடுவில் தோசையைப் போட்டுக்கொண்டு நிற்பேன். இரண்டு பேரும் ஒரே அச்சு, அடம் என்றால் அப்படி ஓர் அடம். அவர் பூசுவார், இவள் மண்ணெண்ணெயில் கழுவி எடுப்பாள், அவர் மறுபடி பூசுவார்.

வெறும் கிரீஸ் சண்டை என்றால் நானும் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். மார்க் வாங்குகிற பெண் இல்லை. தில்லிக் கல்லூரிகளில் விளையாட்டுக்காக இடம் உண்டு. ஜனவரியில் நடக்கிற தேர்வுப் போட்டியில் நன்றாகச் சுட்டு தில்லி அணிக்குள் வந்துவிட்டால், அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். இல்லையென்றால் ஊருக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும் என்று இவர் முடிவாகச் சொல்லிவிட்டார். நாத்தனாரும் இடம் பேசி வைத்துவிட்டாள். இவருக்கு மகள் ஊரில் படிக்க வேண்டும், நம் பெண்ணாக வளர வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை, அதை அவர் மறைக்கவும் இல்லை. அவளுக்கு அதை நினைத்தாலே அழுகை. "அங்க எனக்கு யாரைத் தெரியும்? பஸ் போர்டுகூடப் படிக்கத் தெரியாதும்மா" என்று என் மடியில் விழுந்து அழுதாள். நான் என்ன செய்ய? தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று ஓடினவள்தானே.

5

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம். அவள் பேச்சை விட்டுவிட்டு அழுகையில் இறங்கினாள். "அப்பா, இந்த ஒரு தடவை. ப்ளீஸ். உள்ள கிரீஸ் வேண்டாம். எண்ணெய் மட்டும் போடுங்க. அப்புறம் ஆயுசு முழுக்க உங்க இஷ்டம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு முகமே மாறிவிட்டது. "சரிட்டி, எண்ணெய்தான். நீ போய்ப் படு, ஜலதோஷத்தோட முழிக்காத. நானே கழுவிப் போட்டு வைக்கேன்" என்றார். அவள் அவரை நம்பிப் போய்ப் படுத்தாள்.

சொன்னபடியே உட்கார்ந்து, போல்ட்டைக் கழற்றி, ஒரு பொட்டுக் கிரீஸ் இல்லாமல் கழுவினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு எண்ணெய்ப் புட்டியைத் தேடினார். அதை மகள் சுடுதளத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். மார்க்கெட்டுக்குப் போனார். பனிக்குப் பயந்து எல்லாரும் கடையைச் சாத்திவிட்டார்கள். வெறும் கையோடு வந்து, அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஊரில் தையல் மெஷினுக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், கடிகாரத்துக்கும் அதுதான். கரோல் பாகில் நம் ஊர்ச் சரக்கு விற்கிற கடையில் மாதாமாதம் வாங்கி வருவது. தில்லிக் குளிரில் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்துவிடும் என்பதால் நாங்கள் எல்லாருமே அடுப்புப் பக்கத்தில்தான் வைப்போம். அன்றைக்கு அடுப்புச் சூட்டில் அது தண்ணீராக இளகிக் கிடந்தது. "என்னத்துக்கு அது?" என்று கேட்டேன். "பாப்பா எண்ணெய்தானே போடச் சொன்னா" என்றார். ஊசியிலும் ஸ்பிரிங்கிலும் தாராளமாக விட்டார். துடைக்கவும் இல்லை. ஈரத்துக்கு நாலு சொட்டுக் கூடவே இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். போல்ட்டை மாட்டி, விசையை இழுத்துக் காட்டினார். டிக், டிக் என்று சுத்தமாக அடித்தது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்ததே, அடிக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் காலையில் சுடுதளத்தில் பனியில் கை விரல் மரத்துப் போயிற்று. சுடுகிறவர்கள் குறிப் பலகையைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். நாங்கள் பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம். சண்முகவடிவு குறி பார்த்தாள், மூச்சை நிறுத்தினாள், இழுத்தாள். சத்தமே வரவில்லை. தோட்டாவை மாற்றினாள், மறுபடி இழுத்தாள். மறுபடி வரவில்லை. ஒன்று வெடித்தது, அடுத்தது வெடிக்கவில்லை. எது வெடிக்கும் எது வெடிக்காது என்று தெரியாமல் ஒருத்தி எப்படிக் குறி பார்ப்பாள்? வேறு துப்பாக்கி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், மாற்றினாள். அது அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரிதான். சுட்டு முடித்து எழுந்தபோது அவள் குறி அட்டையைக்கூடப் பார்க்கவில்லை.

கோச் ரைபிளை வாங்கி போல்ட்டைக் கழற்றினார். உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றி, பழைய கரி கலந்து, சாம்பல் வெள்ளையாகக் கட்டிதட்டியிருந்தது. அவர் அதை விரலில் வழித்து எடுத்து என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார். "கிரீஸ். மனா கியா தா நா?" என்றார். வேண்டாம் என்று சொன்னேனே என்று அர்த்தம். தேங்காய் எண்ணெயை ஹரியானாக்காரர் எங்கே கண்டார்? மகளுக்கோ ஜலதோஷத்தில் மூக்கு அடைத்து வாசனை தெரியவில்லை.

"அப்பா, கிரீஸா போட்டீங்க?"

"ஆமா" என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையை அப்படி ஒரு பிடி பிடித்தார்.

"என்னை ஊருக்கு அனுப்பணும்னுதானே?" என்று கேட்டாள். அவர் குனிந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

6

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துக் கிழித்துவிட்டேன். "கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு? போடாத கிரீஸைப் போட்டேன்னு ஏன் சொன்னீய? எண்ணெய்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எண்ணெய்னு சொன்னா, எண்ணெய் போடச் சொன்னது நான்தானேன்னு தன்னையே நொந்துக்குவா. பச்சப்புள்ள. எம்மேல கோவப்பட்டுட்டுப் போட்டும்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு மீதியும் தெரியாதா? எந்தக் குளிருக்கு எந்த எண்ணெய் என்று ஆயுசெல்லாம் குறிப்பு எழுதின மனுஷர், தேங்காய் எண்ணெயைப் போட்டு மகளைத் தோற்கடித்தேன் என்று எந்த வாயால் சொல்லுவார்? பிடிவாதக்காரன் என்று பெயர் எடுக்கலாம், முட்டாள் என்று எடுக்க மனம் வராது. மகள் மேல் பாசமும் நிஜம், இந்த வீம்பும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் பெண்ணைப் பறிகொடுத்தவள் நான்.

சொல்லக் கூடாது என்று திருச்செந்தூரான் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் அழுதுகொண்டே செய்து கொடுத்தேன்.

அணியில் அவள் பெயர் வரவில்லை. ஜூன் மாதம் ரயிலேறினாள். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சு இல்லை. எஸ்டிடி பூத்தில் இருந்து கூப்பிடுவாள். இவர் எடுத்தால், "மம்மி கோ தோ" என்று இந்தியில் ஒரு வார்த்தை, அம்மாவிடம் கொடு என்று. ஊருக்குப் போய்த் தமிழ் கொட்டுகிறது அவள் வாயில், அத்தை பாஷை அப்படியே வருகிறது, ஆனால் அப்பாவுக்கு மட்டும் இந்தி. இவர் ரிசீவரை என்னிடம் நீட்டுவார். நீட்டிவிட்டு அங்கேயே நிற்பார். அவள் சாப்பிட்டாளா, காய்ச்சல் விட்டதா என்று நான் கேட்கிற கேள்வி முக்கால்வாசி இவர் கண்ணால் கேட்பது. இரண்டு பக்கமும் தூது போய் எனக்கு அலுத்துவிட்டது. இந்த வருஷம் பொங்கலுக்கு இவர் டிக்கெட் எடுத்து அனுப்பினார். பரீட்சை இருக்கிறது என்று அவள் வரவில்லை. பொங்கலுக்கு எந்தக் கல்லூரியில் பரீட்சை வைக்கிறார்கள்?

7

போன மாதம் நாத்தனார் போனில் பேசினாள். அவளுக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறது, படிக்கக் கூடாதாம். "ஒன் மவதான் எனக்குப் பத்திரிகை எல்லாம் வாசிச்சுக் காட்டுதா. மொதல்ல எழுத்துக் கூட்டித் தடவுனா. இப்ப கடகடன்னு வாசிக்கா, தொடர்கதைக்கு என்னைய விட அவளுக்குத்தான் அவசரம்" என்றாள்.

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. நாத்தனார் வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இங்கே அனுப்புகிறேன். திருச்செந்தூரானிடம் நான் தனியாகக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

ஏட்டி சண்முகவடிவு, இதை அத்தைக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கியா? கொஞ்சம் நிறுத்து. அத்தை காத்திருப்பா. ஒங்க அப்பா அன்னைக்கு போல்ட்டுக்குள்ள கிரீஸ் போடலட்டி. ஒரு பொட்டு இல்லாம கழுவுனாரு, நான் கண்ணால பாத்தேன். கடை கடையா அலைஞ்சு ஒண்ணும் கிடைக்காம தேங்கா எண்ணெயைப் போட்டுட்டாரு, அது குளிர்ல உறைஞ்சுபோச்சு. அறிவில்லாத வேலைதான், நீ என்ன வேணா திட்டு. ஆனா ஒன்ன ஊருக்கு அனுப்பறதுக்கு அவர் அதைச் செய்யல. அன்னைக்கு ஒரு நாள்தான் அவர் ஒன் பேச்சைக் கேட்டாரு.